கோவில்பட்டி ஹாரனும் ஒனிஹங்கா விசிலும்

நியூசிலாந்து அரசாங்கம் என் செருப்பைக் கழுவிக் கொடுத்தது. தாமரை, சரவணா, சிரிக்காதீங்க. சத்தியமா நடந்தது.

ஆக்லாந்து விமான நிலையத்தில் இறங்கி வரிசையில் நின்றேன். கையுறை போட்ட ஒரு அம்மா என் பையைத் திறந்து, கடலை மிட்டாய் பொட்டலத்தை எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன?"

"கிரவுண்ட்நட். வெல்லம். கோவில்பட்டி" என்றேன். கோவில்பட்டி என்றதும் எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டி உள்ளே வைத்துவிட்டார். பிறகு என் காலைப் பார்த்தார். செருப்பின் அடியில் நம்ம ஊர்க் கரிசல் மண் ஒட்டியிருந்தது. வெளிநாட்டு மண் ஒரு பொட்டுகூட உள்ளே வரக்கூடாதாம். அதில் பூச்சியோ விதையோ ஒளிந்திருந்தால் இந்த நாட்டுப் பயிருக்கு ஆகாதாம். செருப்பை வாங்கிக்கொண்டு போனார்கள். வெறுங்காலோடு நின்றேன். கொஞ்ச நேரத்தில் செருப்பு ஈரமாக, பளபளவென்று, ஒரு தட்டில் வந்தது. தட்டில்! கல்யாண வீட்டில்கூட எனக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை.

நான் அவ்வளவு தூரம் போனதே ஒரு கல்யாண விஷயமாகத்தான். உங்க யாழினி மதினி இருக்காளே, என் அக்கா மகள், அவள் ஒருத்தரைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். அவர் பெயர் டெவன். பிறந்தது இங்கிலாந்தில். பூர்வீகம் ஜமைக்கா. அது அமெரிக்கா பக்கம் கரீபியன் கடலில் இருக்கிற ஒரு தீவு. உங்க பள்ளிக்கூட வரைபடத்தில் உளுந்து அளவுக்கு இருக்கும். இதெல்லாம்கூட அக்காவுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவர் செய்கிற வேலைதான் இடித்தது. அவர் டிஜே. மேடையில் நின்று பாட்டுப் போடுகிறவர்.

அக்காவும் அத்தானும் கலந்து பேசி ஒரு முடிவு சொல்லியிருந்தார்கள். "தாய்மாமன் வந்து பார்க்கட்டும். அவன் சரின்னா சரி. இல்லைன்னா இந்தப் பேச்சையே விட்டுடணும்."

யாழினி எனக்குப் போன் பண்ணினாள். "மாமா, நீங்க நோ சொன்னா நான் பண்ணிக்க மாட்டேன். ஆனா வேற யாரையும் பண்ணிக்க மாட்டேன். நோ பிரஷர், மாமா."

காது குத்தும்போது என் மடியில் உட்கார்ந்து என் கையைக் கடித்தவள். இப்போது பிரஷர் இல்லை என்கிறாள்! அக்கா டிக்கெட் அனுப்பினாள். நான் பஸ்ஸை வேறு டிரைவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

அக்கா வீடு பிளாட் புஷ் என்கிற இடத்தில். எல்லா வீடும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். முதல் நாள் சாயங்காலம் காலாற நடந்துவிட்டு வந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒரு சீனத்து அம்மா திறந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே சிரித்துக்கொண்டு அக்கா வீட்டைக் கை காட்டினார். போன வாரம் அத்தானும் அந்தக் கதவைத்தான் தட்டினாராம். குடிவந்து ஆறு வருஷம் ஆகிறது!

மறுநாள் அக்கா என்னை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள். நான் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். வேறு எங்கே உட்கார்வேன்? கண்டக்டர் கிடையாது. ஒரு அட்டையைத் தட்டினால் டிங் என்று சத்தம் வரும், அதுதான் டிக்கெட். யாரும் படியில் தொங்கவில்லை. யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. எல்லாவற்றையும்விட எனக்குத் திக்கென்று ஆன விஷயம், பஸ்ஸில் பாட்டே இல்லை. கோவில்பட்டியில் நான் பாட்டில்லாமல் பஸ்ஸை எடுத்தால் ஏறின ஜனம் இறங்கிப் பின்னால் வருகிற பஸ்ஸுக்குப் போய்விடும்.

ஆனால் ஒன்று. இறங்குகிற ஒவ்வொருவரும், கைத்தடி ஊன்றிய பெரியவரிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளை வரை, "தேங்க்யூ டிரைவர்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு இறங்கினார்கள். அவரும் ஒவ்வொருவருக்கும் கையைத் தூக்கினார். எனக்கு ஏனோ ஒரே சந்தோஷம். அவருக்குச் சொன்ன தேங்க்யூவுக்கெல்லாம் நானும் பின்னாலிருந்து தலையாட்டிக்கொண்டே வந்தேன்.

"ஏண்டா தலையை ஆட்டுற? கழுத்து வலிக்கா?" என்றாள் அக்கா.

மூன்றாம் நாள்தான் மாப்பிள்ளை பார்க்கிற நாள். ஒனிஹங்கா என்கிற பழைய துறைமுகப் பகுதியில் டெவனுக்கு ஒரு கொட்டகை இருந்தது. அதில்தான் பாட்டுச் சாமான் எல்லாம். அத்தான் ஆபீஸ் போகிற வழியில் என்னை ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு, "மாப்ள, ரொம்ப ஈசி. ஒனிஹங்காதான் கடைசி ஸ்டேஷன். எல்லாரும் இறங்குறப்ப நீயும் இறங்கு" என்றார்.

நான் முதலில் வந்த ரயிலில் ஏறினேன். நல்ல ரயில். குளுகுளுவென்று இருந்தது. கடைசி ஸ்டேஷன்தானே என்று கவலையில்லாமல் கண்ணை மூடினேன். எல்லாரும் இறங்கினார்கள், நானும் இறங்கினேன். அத்தான் சொன்னதை அச்சுப் பிசகாமல் செய்தேன். பலகையில் பாபகூரா என்று இருந்தது.

அந்த ஸ்டேஷனில் வருகிற ரயிலெல்லாம் ஒரே ஊருக்குப் போகாது என்பதை அத்தான் சொல்ல மறந்துவிட்டார். நான் ஆக்லாந்தின் தெற்குக் கோடிக்கு வந்திருந்தேன். யாழினிக்குப் போன் பண்ணினேன். "ஐயோ மாமா! அசையாதீங்க. டெவன் வேனை எடுத்துட்டு வர்றார்" என்றாள்.

கடையில் ஒரு பை வாங்கினேன். பை என்றால் தூக்குகிற பை இல்லை. கறியை உள்ளே வைத்து மூடிச் சுடுகிற மாவுப் பண்டம். கடித்தேன். உள்ளே எரிமலை. நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றபோது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு மாவோரிப் பெரியவர் சிரித்தார். மாவோரி என்றால் அந்த மண்ணின் பூர்வகுடி மக்கள்.

"முதல்ல ஊதணும், ப்ரோ. அப்புறம்தான் கடி. எங்கே வந்தே?"

அரைகுறை இங்கிலீஷில், ஜமைக்கா மாப்பிள்ளை பார்க்க வந்தேன், பாட்டுப் போடுகிறவர் என்றேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஜமைக்காவா? அந்தத் தாளத்துலதான் ப்ரோ எங்க வீட்டுல எல்லாரும் வளர்ந்தோம். குடுத்துரு பொண்ணை!" என்றார். பையனைப் பார்க்கும் முன்பே ஒரு ஓட்டு விழுந்துவிட்டது.

டெவன் வந்தார். நம்ம பஸ் கதவில் குனிந்துதான் ஏற வேண்டும், அவ்வளவு உயரம். தலைமுடி சடை சடையாகத் தோளுக்குக் கீழே. கையைக் கூப்பி, "வணக்கம் மாமா. சாப்டீங்களா?" என்றார். நான் நாக்கைக் காட்டினேன். அவர் வேனிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அதோடு வேன் சாவியையும் நீட்டினார்.

"மாமா டிரைவர். நான் பாட்டு" என்றார்.

என் லைசென்ஸ் அங்கே கொஞ்ச காலத்துக்குச் செல்லும் என்று யாழினி விசாரித்து வைத்திருந்தாளாம். சரவணா, அப்பா நியூசிலாந்தில் வண்டி ஓட்டினேன்டா! அங்கேயும் நம்ம மாதிரி இடது பக்கம்தான். எல்லாம் நன்றாகத்தான் போனது, ரவுண்டானா வரும் வரை. பழக்க தோஷத்தில் "நான் வர்றேன்" என்று ஒரு ஹாரன் அடித்தேன். அங்கே யாரும் ஹாரனே அடிக்க மாட்டார்களாம். ஒரு வெள்ளைக்கார ஆச்சி பதறிப்போய்க் காரை நடுவில் நிறுத்திவிட்டார். அவருக்குப் பின்னால் இருந்தவரும் நிறுத்தினார். டெவன் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி எல்லாருக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார்.

பிறகு பாட்டுப் போட்டார். முதலில் ரெக்கே, ஜமைக்கா இசை, ஆடி ஆடி நடக்கிற மாதிரி. அப்புறம் டிரம் அண்ட் பேஸ், அதுதான் அவருடைய தொழில். உங்களுக்கு எப்படிச் சொல்ல? பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே டிரம் சக்கரம் மாதிரி படுவேகமாகச் சுற்றும். அடியில் பேஸ், இன்ஜின் மாதிரி, அவசரப்படாமல் உறுமிக்கொண்டு வரும். இரண்டும் சேர்ந்தால்தான் வண்டி ஓடும். நான் ஒன்றைக் கவனித்தேன். அவர் பெட்டியைப் பார்த்துப் பாட்டை மாற்றவில்லை. என் முகத்தைப் பார்த்து மாற்றினார். புருவம் சுருங்கினால் அடுத்த பாட்டு. தலை ஆடினால் அதே பாட்டு.

இதை நான் பதினெட்டு வருஷமாகச் செய்கிறேன், கண்ணாடி வழியாக.

கொட்டகை ஒரு டயர் கடைக்குப் பின்னால் இருந்தது. உள்ளே ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள், மரத்தில் இழைத்துச் செய்தவை. மூலையில் ஒரு அடுப்பு, அதன் மேல் ஆட்டுக்கறி. ஜமைக்காக்காரர்களும் அதைக் கறி என்றுதான் சொல்கிறார்கள். முன்னொரு காலத்தில் கரும்புத் தோட்ட வேலைக்கு நம்ம நாட்டு ஜனங்களைக் கப்பலில் கொண்டு போனார்களாம். அவர்கள் கொண்டு போன மசாலா அங்கேயே தங்கிவிட்டதாம். கூடவே தேங்காய்ப் பாலில் வேகவைத்த பயறு போட்ட சோறு. காரம் நம்ம காரம் இல்லை. முதலில் ஒன்றும் செய்யாது. இரண்டாவது கவளத்தில் பின்னந்தலையில் ஒரு தட்டுத் தட்டும். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் அப்படிச் சாப்பிடக் கூடாதுதான்.

யாழினி உடம்பு வலிக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட். வேலை பார்ப்பது பக்கத்துத் தெருவில். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து பேச்சை மொழி மாற்றிச் சொன்னாள்.

"இவர் தாத்தா ஜமைக்காலேருந்து கப்பல்ல இங்கிலாந்து வந்தார், மாமா. அங்க பஸ் கண்டக்டர்."

நான் கறியை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். "கண்டக்டரா?"

"ஆமா. நீங்களும் முதல்ல கண்டக்டர்தானேன்னு கேக்குறார்."

அந்த ஊர் பஸ்ஸில் விசில் கிடையாதாம், மணியாம். ஒரு மணி அடித்தால் நிற்கும், இரண்டு அடித்தால் போகும். "நம்ம ஊர்லயும் அதே கணக்குதான். ஒரு விசில்னா நிப்பாட்டு, ரெண்டு விசில்னா போலாம் ரைட்" என்றேன். டெவன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண்டக்டர் பேரன் என்று தெரிந்ததுமே எனக்குப் பாதிச் சரி ஆகிவிட்டது. ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. தாய்மாமன் என்றால் ஒரு முறைப்பு வேண்டாமா?

டெவன் சொன்ன கதையைக் கேளுங்கள். ஜமைக்காவில் பெரிய ஹோட்டல்களில் வாத்தியக் கோஷ்டி வாசிக்கும். ஏழை ஜனம் உள்ளே போக முடியாது. அதனால் அவர்கள் பெரிய பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளைத் தாங்களே செய்து தெருமுனையில் அடுக்கி, இசைத்தட்டுப் போட்டு ஆடினார்கள். இன்ன பாட்டு எங்களிடம் மட்டும்தான் இருக்கிறது என்று ஒரு கோஷ்டிக்கும் இன்னொரு கோஷ்டிக்கும் போட்டியாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டிலும் அதே போட்டிதானே! என் பென் டிரைவை நான் வீட்டுக்கு எடுத்து வருவது எதற்கு என்று நினைத்தீர்கள்?

அப்புறம் அங்கே சிலர், பாட்டில் குரலை எடுத்துவிட்டு வெறும் டிரம்மையும் பேஸையும் மட்டும் விட்டு, எதிரொலி சேர்த்துப் பார்த்தார்கள். அது ஒரு தனி இசையாகிவிட்டது. இங்கிலாந்துக்குப் போனவர்களின் பெட்டிகளும் பின்னாலேயே போயின. டெவனின் அப்பாவுக்கு வாரமெல்லாம் தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமையானால் கல்யாண வீட்டிலும் பிறந்தநாள் வீட்டிலும் பாட்டுப் போடுவார். டெவன் குழந்தையில் அந்த ஸ்பீக்கருக்குப் பின்னால் துணி விரித்துத் தூங்கினவர். சத்தம் நின்றால்தான் விழித்துக்கொண்டு அழுவாராம்.

அவர் வளர்கிற காலத்தில், அங்கே பிறந்த பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து பழைய அமெரிக்கப் பாட்டுகளில் டிரம்காரர் தனியாக வாசிக்கிற துண்டை வெட்டி எடுத்து வேகமாக ஓடவிட்டார்கள். அடியில் அப்பாக்களின் ஜமைக்கா பேஸை வைத்தார்கள். அதுதான் டிரம் அண்ட் பேஸ். டெவன் முதலில் அப்பாவின் பெட்டி தூக்கினார். பிறகு அக்கம்பக்கத்து ரேடியோவில் பாட்டுப் போட்டார். பிறகு ஊர் ஊராக, நாடு நாடாக. நியூசிலாந்துக்கு ஒரு மாதம் பாட்டுப் போட வந்தவர். இந்த ஊர் ஜனத்துக்கு அந்த இசை என்றால் உயிர் என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகவே இல்லை. இப்போது வாராவாரம் ரேடியோவில் நிகழ்ச்சி. சொந்தமாகவும் பாட்டுச் செய்கிறார்.

"உன்னை அவருக்கு எப்படித் தெரியும்?" என்று யாழினியைக் கேட்டேன்.

"பெட்டி தூக்கித் தோள்வலி, மாமா. என்கிட்ட வந்தார். தூக்காதீங்கன்னு சொன்னேன். கேக்கலை. திரும்பத் திரும்ப வந்தார். கடைசி தடவை வலியே இல்லாம வந்தார்."

டெவனுக்கு அது மட்டும் தமிழிலேயே புரிந்துவிட்டது. கறியைக் கிண்டுகிற மாதிரி திரும்பிக்கொண்டார்.

அப்போது பார்த்து உங்க அம்மா எனக்குப் போன் பண்ணினாள். என் போன் அடித்தால் என்ன சத்தம் வரும் என்று உங்களுக்குத் தெரியும். நம்ம பஸ்ஸின் ஏர் ஹாரன். பாம்பாம்பா பீபீபீ பாம்! கொட்டகையே அதிர்ந்தது. டெவன் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "எடுக்காதீங்க மாமா, ப்ளீஸ்" என்று கெஞ்சிவிட்டு, மைக்கை என் போன் பக்கம் நீட்டினார். ஜமைக்காவின் தெருமுனை ஆட்டத்திலும் ஏர் ஹாரன் அடிப்பார்களாம், ஆனால் இப்படிப் பாட்டுப் பாடுகிற ஹாரனை அவர் கேட்டதே இல்லையாம். உங்க அம்மா மூன்று தடவை அடித்தும் நான் எடுக்காததன் காரணம் இதுதான். இதை அவளிடம் படித்துக் காட்டுங்கள்.

நான்காம் நாள் காலை அக்கா சமையலறையில் குழம்பு தாளித்தாள். தாளித்தால் அந்த ஊரில் வீடே கத்துகிறது. மேலே புகை மணி ஒன்று இருக்கிறது, கடுகு வெடித்தால் வீடு தீப்பிடித்தது என்று நினைத்துக்கொள்கிறது. அத்தான் முக்காலியில் ஏறி, பேப்பரால் மணிக்கு விசிறிக்கொண்டே என்னிடம் பேசினார்.

"ஆளு நல்ல ஆளுதான் மாப்ள. நான் இல்லைங்கலை. ஆனா பாட்டுப் போடுறது ஒரு வேலையா? நாளைக்கு வீடு வாங்கணும்னா மார்ட்கேஜ் குடுக்கிறவன் என்ன வேலைன்னு கேப்பான். பாட்டுப் போடுறேன்னா சொல்லுறது?"

"நானும் பாட்டுப் போடுறவன்தான் அத்தான்."

"நீ பஸ் ஓட்டுறவன்ப்பா. பாட்டு சும்மா."

"சும்மாவா? காலைல சாமி பாட்டு. பள்ளிக்கூடப் பிள்ளைக ஏறினதும் குத்துப்பாட்டு. மத்தியானம் சந்தைக்குப் போயிட்டு வர்ற பொம்பளையாளுகளுக்கு எது போட்டா அலுப்புத் தெரியாதுன்னு பார்க்கணும். மூணு மணிக்கு மெலடி போட்டா பஸ்ஸே தூங்கிரும், டிரைவரும் சேர்ந்து."

"அப்ப சரின்னு சொல்லுறியா?" என்றாள் அக்கா, கரண்டியோடு திரும்பி.

அங்கேதான் நான் கொஞ்சம் நின்றேன். "இன்னும் சொல்லலைக்கா. ஒரு டிரைவரை ஷெட்டுல வச்சுப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. வண்டி நிறைய ஆளோட பார்க்கணும்."

அத்தான் விசிறுவதை நிறுத்தினார். மணி மறுபடியும் கத்தியது. "அப்ப நாளைக்குப் போவோம். லீவுதான்" என்று அந்தக் கத்தலுக்கு மேலே கத்தினார்.

மறுநாள் வைட்டாங்கி நாள், அவர்கள் நாட்டு விடுமுறை. ஒனிஹங்கா கடற்கரைப் பூங்காவில் மத்தியான வெயிலில் குடும்பம் குடும்பமாகப் புல்லில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நம்ம ஊர்ப் பொருட்காட்சி மாதிரி ஒரே வாசனை. ரொட்டியில் சுருட்டிய சாசேஜ், பொரித்த மீன், தேன் மிட்டாய் உடைத்துப் போட்ட ஐஸ்கிரீம். அக்கா தொப்பி போட்டிருந்தாள். அத்தான் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டார். "என்ன மாப்ள?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டார்.

டெவன் மேடை ஏறினார். கூட்டம் அசையவில்லை. வெயில், சாப்பாடு, சோம்பல். பையன் தோற்றுப்போனால் நான் அக்காவிடம் என்ன சொல்வேன்? யாழினி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது.

டெவன் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை காதைப் பொத்தியதை எங்களில் யாரும் பார்க்கவில்லை, அவர் பார்த்துவிட்டார். சத்தத்தைக் குறைத்து, மைக்கில் அந்தப் பிள்ளையின் அம்மாவைத் தள்ளிப் போய் உட்காரச் சொல்லி, காதை மூடுகிற கருவி ஒன்றையும் ஆள் விட்டுக் கொடுத்தனுப்பினார். பிறகு மெதுவான ரெக்கே ஒன்று. பெரியவர்கள் தலை ஆடியது. கொஞ்சம் வேகம். பிள்ளைகள் எழுந்தார்கள். இன்னும் கொஞ்சம். அம்மாமார் எழுந்தார்கள். கியர் போடுகிற மாதிரியே இருந்தது. ஒரு உதறல் இல்லை.

"இது புதுசு. இதுவரை யாரும் கேட்டதில்லை" என்று மைக்கில் சொன்னார். டிரம் ஓட ஆரம்பித்தது. பேஸ் உறுமியது. புல்தரை கால் வழியாக நடுங்கியது. திடீரென்று எல்லாம் ஒரு நொடி அடங்கி...

பாம்பாம்பா பீபீபீ பாம்!

நம்ம பஸ்! நம்ம கோவில்பட்டி பஸ்ஸின் ஹாரன், கடல் தாண்டி, அந்தப் பூங்கா முழுக்க! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கண்டக்டராக இருந்த காலத்துப் பழக்கம், இரண்டு விரல் தானாக வாய்க்குப் போய்விட்டது. விட்டேன் இரண்டு விசில். போலாம் ரைட்!

பக்கத்தில் நின்ற பையன்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களும் விசிலடித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர். சிலர் ஐஸ்பெட்டியைத் தட்டினார்கள். டெவன் கையைத் தூக்கினார். பாட்டு சர்ரென்று நின்றுவிட்டது.

நின்றேவிட்டது.

"ஏலே, என்ன காரியம்டா பண்ணினே!" என்றாள் அக்கா.

அத்தான் காதுப் பஞ்சைப் பிடுங்கினார். "கெடுத்திட்டியே மாப்ள! போலீஸ் வருமா?"

போலாம் என்று விசில் கொடுத்தால் வண்டி நிற்கிறதே! யாழினி வாழ்க்கையே என் விரலில் போச்சு என்று அவளைப் பார்த்தால், அவள் குதித்துக்கொண்டிருந்தாள்.

"ரீவைண்ட் மாமா! நீங்க ரீவைண்ட் கேட்டிருக்கீங்க!"

இதுவும் ஜமைக்கா வழக்கம்தானாம். ஒரு பாட்டு கூட்டத்துக்குப் பிடித்துவிட்டால் விசிலடித்து, கையில் கிடைத்ததைத் தட்டி, திரும்ப முதலிலிருந்து போடு என்று கேட்பார்கள். போடுகிறவர் அந்த நொடியே பாட்டை நிறுத்தி, இசைத்தட்டைப் பின்னால் சுற்றி, முதலிலிருந்து ஆரம்பிப்பார். பந்தியில் பாயசத்தை இரண்டாவது தடவை கேட்கிற மாதிரி. அதற்கு மேல் ஒரு மரியாதை அவர்கள் தொழிலில் இல்லை. புதுப் பாட்டுக்கு முதல் நாளே கிடைப்பது லேசில்லையாம்.

டெவன் மைக்கைப் பிடித்தார். யாழினி எனக்குத் தமிழில் சொன்னாள். "இந்த ஹாரன் ஒரு பஸ்ஸோடது. அந்த பஸ்ஸோட டிரைவர் அங்கே நிக்கிறார். ரீவைண்ட் கேட்டது அவர்தான்!"

மொத்தக் கூட்டமும் என் பக்கம் திரும்பியது. யாரோ ஒருவர் "தேங்க்யூ டிரைவர்!" என்று கத்தினார். அவ்வளவுதான், பூங்கா முழுக்கத் தொற்றிக்கொண்டது. தேங்க்யூ டிரைவர்! தேங்க்யூ டிரைவர்! நான் கையைத் தூக்கினேன். பாட்டு முதலிலிருந்து கிளம்பியது. இந்தத் தடவை ஹாரன் வந்தபோது அக்கா ஆடினாள். தொப்பி பறந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. அத்தான் ஆடவில்லை. ஆனால் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். பஞ்சு கீழே கிடந்தது.

அன்று சாயங்காலமே டெவன் வீட்டுக்கு வந்தார். அங்கே கோடையில் சாப்பாட்டு நேரத்துக்கும் வெயில் அடிக்கும். தேய்த்த சட்டை, சடைமுடியைக் கட்டியிருந்தார், கையில் பழத்தட்டு. சோபாவின் நுனியில் உட்கார்ந்து, யாழினி சொல்லிக் கொடுத்ததை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"மாமா..."

"ம்" என்றோம் நானும் அத்தானும் ஒரே நேரத்தில்.

"மாமா, அத்தை, மாமா. யாழினியை எனக்குக் கட்டிக் குடுப்பீங்களா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வண்டி நிறைய ஆளோடு பார்த்துவிட்டேன். அந்தக் காது பொத்திய பிள்ளையை அவர் பார்த்ததையும் பார்த்துவிட்டேன். சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது, ஆனால் தமிழும் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை. விரல்தான் வாய்க்குப் போனது.

இரண்டு விசில்.

கண்டக்டர் பேரனுக்கு இரண்டு என்றால் என்னவென்று தெரியும். கண் கலங்கிவிட்டது அவருக்கு. ஆனால் அந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? எழுந்தார். பழத்தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். அப்படியே பின்னோக்கி நடந்து, வாசலுக்குப் போய், ஷூவை மாட்டி, கதவைச் சாத்திக்கொண்டார்.

அழைப்பு மணி அடித்தது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி போய்த் திறந்தாள். "யாரு?"

"வணக்கம் அத்தை. நான் டெவன்."

ரீவைண்ட்தான்! அதே சோபா நுனி, அதே பழத்தட்டு, அதே "மாமா, அத்தை, மாமா". யாழினி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கேள்வியை முடித்துவிட்டு டெவன் இந்தத் தடவை என்னைப் பார்க்கவில்லை, அத்தானைப் பார்த்தார். நாங்களும் அத்தானைப் பார்த்தோம்.

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். பிறகு, வாழ்க்கையில் ஒரு தடவைகூட விசிலடிக்காத அந்த மனுஷன், சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு வாய்க்குள் வைத்து, கன்னம் இரண்டும் உப்ப ஊதினார்.

காற்று மட்டும்தான் வந்தது. அதற்குள் டெவன் வாசலில் ஒற்றைக் காலில் நின்று ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்.